ஸ்கிரீனிங் முடிவைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்ப்பகால ஸ்கிரீனிங் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "பாசிட்டிவ் வந்திருக்கு" என்று ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. அதற்கு அப்புறம் சொல்லும் எதுவும் அந்தப் பெண்ணின் காதில் ஏறாது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உறுதி என்றே எடுத்துக்கொள்வார். "வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று வந்திருக்கிறது, எதுவும் உறுதியாகவில்லை" என்று தொடங்குங்கள். ஸ்கிரீனிங் சொல்வது அவ்வளவுதான்.

அடுத்தது எண்கள். "வயதுப்படி 1000-ல் 1, இப்போது 250-ல் 1" என்றால், 1000 பெரிய எண் என்பதால் அதுதான் அதிக ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. 1000-ல் 1 இருந்தது, 1000-ல் 4 ஆகியிருக்கிறது என்று சொல்லுங்கள். மீதி 996 பேரின் குழந்தைகளுக்கு அது இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தப் பாதியை விட்டுவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

தாயின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி. சோதனையை "99 சதவீதம் துல்லியம்" என்று சொல்வது இன்னும் சிக்கல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பெண்களில் 10 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. பத்தையும் சோதனை கண்டுபிடித்துவிடுகிறது. மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாகக் காட்டினாலும் இன்னொரு 10 பேர் சேர்வார்கள். அதாவது பாசிட்டிவ் முடிவு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது பொய். தாயின் ரத்தத்தில் கருவுடையது என்று சோதனை பார்க்கும் டி.என்.ஏ. உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது; அது எப்போதும் குழந்தையுடையதோடு ஒத்துப்போகும் என்றில்லை.

உறுதி செய்ய 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுச் சோதனை, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர்ச் சோதனை என்று வழி உண்டு. இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு இருக்கிறது. ஆகவே அவர் வாய் திறப்பதற்கு முன்பே தேதி குறித்துக் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

வாய்ப்பு குறைவு என்று வந்தவரிடம் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவதும் தவறுதான். முதல் மூன்று மாத ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து செய்தாலும், டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கருக்களில் 10 முதல் 15 வரை தப்பிவிடும்.

சரி, எல்லாம் சொன்ன பிறகு "புரிந்ததா?" என்று கேட்டால் தலையாட்டத்தான் செய்வார்கள். "வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் எங்கே குழம்பியிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அங்கிருந்து மறுபடி சொல்லுங்கள்.