கொலஸ்டைரமின் தூளை நோயாளிகளால் குடிக்க முடிகிறதா? அளந்து பார்க்கும் முறை

கொலஸ்டைரமின் தண்ணீரில் கரையாத பிசின் தூள். குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். குறைந்த பித்த அமிலத்தைப் புதிதாகச் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்வதால் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்டிரால் இறங்குகிறது. வேலை செய்யும் மருந்துதான், ஆனால் வாயில் மணல் மாதிரி நறநறக்கும்.

அமெரிக்காவில் 3,806 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1984-இல் வந்தது. அதில் விதித்த அளவு நாளுக்கு 24 கிராம், அதாவது ஆறு பாக்கெட். பலரால் அத்தனையும் குடிக்க முடியவில்லை. அதிகப் பாக்கெட் குடித்தவர்களுக்குக் கொலஸ்டிராலும் அதிகம் குறைந்தது. சுவையை அளப்பது வெட்டி வேலை இல்லை என்பதற்கு இதுவே போதும்.

தண்ணீரில் கலக்குவதா, ஆரஞ்சு ஜூஸில் கலக்குவதா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். மருத்துவரின் மேற்பார்வை, நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் ஒப்புதல் மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

படி 1: கலவை. இரண்டுக்கும் ஒரே அளவு வையுங்கள்: 4 கிராம் மருந்துள்ள ஒரு பாக்கெட், 150 மி.லி. திரவம், ஒரே குளிர்ச்சி. கலக்கியதும் எத்தனை நிமிடத்தில் கையில் கொடுக்கிறீர்கள் என்பதும் மாறக்கூடாது. தூள் ஊறி அடியில் தங்கும், நேரம் மாறினால் நீங்கள் அளப்பது வேறு பானம். சோடா வேண்டாம், நுரைத்துத் தள்ளும்.

படி 2: மறைப்பு. மூடியும் உறிஞ்சுகுழலும் உள்ள, உள்ளே தெரியாத கோப்பை. பெயர் எழுதாமல் 417, 852 என்று மூன்றிலக்க எண் ஒட்டுங்கள். ‘அ’, ‘ஆ’ என்று எழுதினால் முதல் எழுத்துதான் உசத்தி என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். ஜூஸ் நாக்கில் பட்டதும் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் குடிக்கும் முன் உருவாகும் எதிர்பார்ப்பைத் தடுக்கலாம்.

படி 3: வரிசை. எல்லோரும் இரண்டையும் குடிக்க வேண்டும். பாதிப் பேருக்குத் தண்ணீர் முதலில், மீதிப் பேருக்கு ஜூஸ் முதலில். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். இரண்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், முதலில் குடித்ததன் நறநறப்பு வாயில் ஒட்டியிருக்கும். மற்ற மாத்திரைகளை இந்தத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் தூள் அவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

படி 4: அளவுகோல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். “எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டால் “பரவாயில்லை டாக்டர்” என்பதுதான் பதிலாக வரும், மரியாதைக்காக. 100 மி.மீ. நீளக் கோடு போட்டு, இடது முனையில் ‘குடிக்கவே முடியவில்லை’, வலது முனையில் ‘மிகவும் பிடித்தது’ என்று எழுதுங்கள். அவர் குறுக்கே போடும் கீற்றை ஸ்கேலால் அளப்பது உங்கள் வேலை. இனிப்பு, மணம், நறநறப்பு, கெட்டித்தன்மை, விழுங்கிய பின் வாயில் நிற்பது என்று தனித்தனிக் கோடுகள் வேண்டும். ஜூஸ் இனிப்பைக் கூட்டலாம். நறநறப்பு அப்படியே இருந்தால் ஒட்டுமொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மிடறு குடித்ததும் மதிப்பெண் வாங்காதீர்கள். முழுக் கோப்பையும் காலியாகட்டும், அடியில் தங்கியதையும் இன்னும் கொஞ்சம் திரவம் விட்டு அலசிக் குடிக்கட்டும். வாயில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டாம், பல்லுக்குக் கெடுதல்.

படி 5: கணக்கு. ஒருவர் தண்ணீருக்கு 48, ஜூஸுக்கு 62 கொடுத்தார் என்றால் அவருடைய வித்தியாசம் 14. இப்படி ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்து, வில்காக்சன் சோதனையிலோ இணை டி-சோதனையிலோ போடுங்கள் (ஒரே ஆளின் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும் புள்ளியியல் கணக்குகள் இவை). தாராளமாக மதிப்பெண் போடுபவரும் கஞ்சத்தனமாகப் போடுபவரும் அப்போது ஒரே தராசுக்கு வந்துவிடுவார்கள்.

படி 6: வீட்டில். பிடித்ததாகச் சொன்ன கலவையோடு இரண்டு வாரத்துக்கான பாக்கெட்டுகளைக் கொடுத்தனுப்பி, மீதியைத் திரும்ப வாங்கி எண்ணுங்கள். கோட்டில் 80 போட்டவர் பாதிப் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் நான் பாக்கெட்டைத்தான் நம்புவேன். அப்போது மலச்சிக்கல் இருந்ததா என்றும் தனியாகக் கேட்டுக் குறித்துவிடுங்கள். இந்த மருந்தின் முக்கியத் தொந்தரவு அதுதான். அதனால் நிறுத்தியவர்கூடச் சுவை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.