இடி விழுந்த பிறகு வரும் நீலத்திரை: டிரைவரைத் தொடும் முன் ரேமைக் கழற்றுங்கள்

ஐப்பசி மாதத்து இடி மின்னலைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் வேலைகளும் உண்டு. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அதற்கு முந்தைய வாரம் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகலோடு வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான் இது நடந்தது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போனேன். யூபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் பிளக்கையும் பிடுங்கவில்லை, லேன் கேபிளையும் பிடுங்கவில்லை.

காலையில் பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. உள்ளே எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போயிருந்தது. மதர்போர்டிலேயே இருக்கும் லேன் போர்ட்டும் செத்திருந்தது. புது எஸ்எம்பிஎஸ் மாட்டினேன், இணையத்துக்குத் தனி லேன் கார்டு ஒன்று செருகினேன். ஓடியது. இருபது நிமிஷம் கழித்து நீலத்திரை, அதாவது விண்டோஸ் தாங்காமல் நின்றுபோகும்போது காட்டும் திரை. திரும்பப் போட்டால் அரை மணி நேரம், மறுபடி நீலத்திரை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, நம்முளுது ஏறிடுச்சா இல்லையா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

புதிதாக வந்தது லேன் கார்டுதானே, அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, மூன்று நாள் அதை எடுப்பதும் போடுவதுமாக இருந்தேன். ஒரு பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டி அதில் விண்டோஸைப் புதிதாகப் போட்டும் பார்த்தேன். போடும்போதே பாதியில் நின்றது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். அந்த டிரைவரே இன்னும் ஏறாத டிஸ்கில் அது எப்படிக் கோளாறு பண்ணும்?

அந்த மூன்று நாள் உங்களுக்கும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். புதிய விண்டோஸ் 11இல் இந்தத் திரை நீலத்துக்குப் பதில் கறுப்பாக வரும், அவ்வளவுதான்.

முதலில் ஃபைல்கள்

முக்கியமானதைக் காப்பி எடுத்துவிடுங்கள். ஆனால் அந்த மெஷினிலேயே எடுக்க வேண்டாம். வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம் கெட்டிருந்தால் எடுக்கிற காப்பியும் கெட்டுப்போகலாம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுங்கள்.

நீலத்திரையை நிற்க வையுங்கள்

படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்பது பலரின் புகார். ஸ்டார்ட்டில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடித் திறந்து, "ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி" பகுதியின் செட்டிங்ஸுக்குப் போங்கள். "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிட்டு, கீழே "ஸ்மால் மெமரி டம்ப்" என்று வையுங்கள். இனி ஒவ்வொரு தடவை விழும்போதும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில், ஏன் விழுந்தது என்ற குறிப்போடு ஒரு சின்ன ஃபைல் சேரும்.

விண்டோஸுக்குள்ளேயே போக முடியவில்லையா? பூட் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ரிப்பேர் மெனு தானாக வரும், அதிலிருந்து, அவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போகலாம். இதற்காக எஃப்8 அமுக்கும் பழைய பழக்கம் இப்போது உதவாது.

பெயர்களைப் பாருங்கள்

மினிடம்பைப் படிக்க நான் பயன்படுத்துவது நிர்சாஃப்டின் புளூஸ்கிரீன்வியூ. சின்னது, இலவசம், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம். மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி இன்னும் ஆழமாகப் போகும், ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அது வாழைத்தார் வெட்ட ரம்பம் கொண்டுவந்த கதை.

ஐந்தாறு தடவை விழட்டும். அப்புறம் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம், ஒரே டிரைவர் பெயர் என்றால் பெரும்பாலும் டிரைவர், அல்லது அந்த டிரைவர் ஓட்டுகிற பாகம். எனக்கு முதல் தடவை "மெமரி மேனேஜ்மென்ட்", அடுத்தது "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்", அதற்கடுத்தது "பேஜ் ஃபால்ட்". டிரைவர் பெயரும் ஒரு நேரம் லேன், ஒரு நேரம் சவுண்ட், ஒரு நேரம் டிஸ்ப்ளே. இத்தனை டிரைவரும் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகுமா? இப்படி ஆளுக்கு ஆள் மாறி வந்தால் ரேம், எஸ்எம்பிஎஸ், போர்டு என்று இரும்புப் பக்கம் தேடுங்கள். என்டிஓஎஸ்கேஆர்என்எல் என்ற பெயர் அடிக்கடி வரும். அது விண்டோஸின் மையப் பகுதி, அதன் மேல் பழி போட வேண்டாம்.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். "ஒழுங்காக அணைக்காமல் மெஷின் நின்றது" என்பதைத் தவிர அதில் காரணம் எதுவும் இல்லை. ஆனால் டபிள்யூஹெச்இஏ என்று தொடங்கும் பதிவு இருந்தால் கவனியுங்கள், அது ஹார்ட்வேரே கொடுக்கும் புகார். நீலத்திரையே வராமல், டம்ப் ஃபைலும் சேராமல் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் அல்லது சூடு.

ரேம்: இங்கேதான் நான் கோட்டை விட்டேன்

பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியட்டும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறத்தில் இருக்கும் முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாளைக் கொண்டு போகாதீர்கள், அந்த மெல்லிய பூச்சு போய்விடும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்றில் இருக்கும் மெஷின்களில் இந்தத் துடைப்பு மட்டுமே பாதி நோயைத் தீர்க்கும் என்பது என் அனுபவம்.

என்னிடம் 4 ஜிபி ரேம் இரண்டு இருந்தன. இரண்டையும் சேர்த்து மாட்டி மெமரி சோதனை ஓட்டினேன், கொஞ்ச நேரத்தில் "பிழை இல்லை" என்றது, நம்பிவிட்டேன். அதுதான் தப்பு. இடியில் அரைகுறையாக அடிபட்ட ரேம், சூடேறிய பிறகுதான் சொதப்பும். எனவே ஒரு ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு, மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருள் உள்ள பென் டிரைவிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். மறுநாள் அதே ஸ்லாட்டில் அடுத்த ரேம். காலையில் பிழை எண்ணிக்கை சைபராக இருக்க வேண்டும். ஒன்று இரண்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இதில் இடமே இல்லை. அப்புறம் நல்ல ரேமை இரண்டாவது ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் பிழை வந்தால் கோளாறு ஸ்லாட்டில்.

எனக்கு இரண்டாவது ரேம் நள்ளிரவு தாண்டித்தான் பிழை காட்டியது. அதைக் கழற்றி வைத்துவிட்டு 4 ஜிபியிலேயே ஓட்டினேன். பெரியவருடையது உட்பட மிச்ச விண்ணப்பங்கள் ஏறின.

எஸ்எம்பிஎஸ், டிஸ்க்

விண்டோஸுக்கு முன்பே திறக்கும் போர்டின் செட்டிங்ஸ் திரையான பயாஸில் 12 வோல்ட் வரி 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்கிறதா பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும். டிஸ்கின் நலம் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். ரீஅலொகேட்டட், பென்டிங் செக்டர் (டிஸ்கில் கெட்டுப்போன, சந்தேகமான இடங்கள்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் புது டிஸ்க் வாங்குங்கள். வழியில் தகவல் சிதைவதைக் காட்டும் சிஆர்சி எரர் மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இரும்பு சரியான பிறகுதான் விண்டோஸ்

கெட்ட ரேமோடு சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்க ஓட்டினால், நல்ல ஃபைலையும் கெடுத்துவைக்க வாய்ப்பு உண்டு. ரேம் தேறிய பிறகு கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல் ஸ்கேன்நவ் என்று அடியுங்கள். சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால் விண்டோஸின் மூல ஃபைல்களைச் சரிசெய்யும் டிஐஎஸ்எம் கட்டளையை ஓட்டிவிட்டு மறுபடி இதையே ஓட்டுங்கள்.

இப்போது டிரைவர்

ரேமை எடுத்த பிறகும் எனக்கு நாளைக்கு ஒரு தடவை விழுந்தது. ஆனால் இப்போது ஒரே பெயர், ஒவ்வொரு தடவையும் லேன் டிரைவர். செத்துப்போன போர்டு லேன் பயாஸில் இன்னும் எனேபிளாகவே இருந்தது. விண்டோஸ் அதை எழுப்பப் பார்க்கும், அது அரை உயிரோடு பதில் சொல்லும், உடனே நீலத்திரை. பயாஸுக்குள் போய் ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்தேன். பிறகு டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் "ஷோ ஹிட்டன் டிவைசஸ்" போட்டால் பழைய லேன் வெளிறிப்போய்த் தெரியும். அதை அன்இன்ஸ்டால் செய்தேன், டிரைவரையும் சேர்த்து நீக்கும் டிக்கோடு. அதற்கப்புறம்தான் புது கார்டுக்குப் புது டிரைவர்.

டிவைஸ் மேனேஜரில் கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. கோட் 10 என்றால் பாகம் கிளம்பவில்லை. கோட் 43 என்றால் பாகமே தனக்குக் கோளாறு என்று சொல்லியிருக்கிறது. இடிக்குப் பிறகு 43 வந்து, டிரைவர் மாற்றியும் போகவில்லை என்றால் அந்தப் பாகத்தின் மேல் ஆசையை விடுங்கள்.

எந்த டிரைவர் என்று தெரியாவிட்டால் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ். அதில் வெண்டர் எண் 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று வரும் மென்பொருள்களை என் கடைக்குள் விடுவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றியவர்கள் மட்டும், பழைய கிராஃபிக்ஸ் டிரைவரைத் துடைத்தெடுக்கும் டிடியூவை, இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோடில் ஓட்டுங்கள்.

எர்த்

ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொன்னேன். 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்றார், எனக்கு 20க்கு மேல் காட்டியது. எர்த் குழியைப் புதிதாகப் போட்டாயிற்று. நமக்கு வருவது ஃபைபர்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். ஃபைபரில் மின்சாரம் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் இறங்கும். இப்போதெல்லாம் வானம் கறுத்தால் முதலில் லேன் கேபிளைப் பிடுங்குகிறேன்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மன்னார்குடி நண்பர் ஒருவர் போர்டு பேட்டரியையும் கழற்றி மாட்டியிருக்கிறார். அதன் பிறகு "இன்ஆக்செசிபிள் பூட் டிவைஸ்" என்று வந்து பூட்டே ஆகவில்லையாம். பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் செட்டிங்ஸ் பழைய நிலைக்குப் போகும், போர்டு டிஸ்கோடு பேசும் முறையான சாட்டா மோடும் மாறிவிடலாம். ஏஹெச்சிஐ என்ற மோடில் விண்டோஸ் போட்டிருந்தால் மறுபடி ஏஹெச்சிஐக்கே மாற்றிச் சேமியுங்கள், பூட் ஆகும். தேதியையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பிரவுசர் பல தளங்களைத் திறக்காது. பேட்டரி பழையது என்றால் சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

லேப்டாப்காரர்கள் பயாஸைத் தொடும் முன் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் 48 இலக்கம் கேட்கும்.