கல்திட்டை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், கொளத்தூர் பக்கமிருந்து இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் நாலைந்து பைக்குகளில் பெருங்கற்கால ஈமச்சின்னங்களை, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பெரிய கற்களால் எழுப்பியவற்றைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல்லைக் கூரையாக வைத்தது கல்திட்டை; புதைத்த இடத்தைச் சுற்றிக் கற்களை வட்டமாக வைத்தது கல்வட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்தையே அவர்களும் அடிக்கிறார்கள். தண்ணீர், தொப்பி, ஷூ பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

ஒரே நாளில் போய்த் திரும்புவது

கல்திட்டைகள் நிறைந்த மல்லச்சந்திரம் கிருஷ்ணகிரிக்கும் அப்பால் இருக்கிறது. காலையில் கிளம்பினால் பாறைமேல் ஏறும்போது உச்சி வெயில். முந்தின இரவே போய்த் தங்கிவிடுங்கள்.

மூடுகல்மேல் ஏறிப் படமெடுப்பது

இறங்குங்கள்.

ஓட்டாஞ்சில்லு பொறுக்குவது

இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஒண்ணே ஒண்ணுதானே சார்" என்பார்கள். கல்வட்டத்தைச் சுற்றிக் கிடக்கும் கறுப்பு சிவப்புச் சில்லு பார்க்க அழகாகத்தான் இருக்கும். உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்த நிறம் என்பார்கள். மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் 1950களின் தொடக்கத்தில் அகழாய்வு செய்தவர்கள் எந்தப் பானை எந்த வட்டத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்று குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் பானை வெறும் மண்.

எங்களோடு வந்த ஒரு தம்பி மூன்று ஊர்ச் சில்லுகளை ஒரே கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். தொல்லியல் தெரிந்த ஒரு பெரியவரிடம் பெருமையாகக் கொட்டிக் காட்டினான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எது எந்த ஊர்?" தம்பி போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவ்வளவுதான். இப்போது அவையெல்லாம் அவன் வீட்டு பால்கனியில் துளசித் தொட்டிக்குள் கிடக்கின்றன. திருப்பிக் கொண்டுபோய்ப் போடவும் முடியாது, எங்கே போடுவது?

சில்லு கிடக்கும் இடத்திலேயே, அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடுங்கள். போதும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கை வைத்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை என்பதையும் அப்புறம் யோசித்துக்கொள்ளுங்கள்.

'புதையல்' என்று தலைப்பு வைத்து வீடியோ போடுவது

அடுத்த வாரமே யாராவது கடப்பாரையோடு வருவார்கள்.

ஊராரிடம் கேட்காமல் அலைவது

கல்திட்டை என்று கேட்டால் விழிப்பார்கள். பல ஊர்களில் 'பாண்டவர் வீடு' என்றால் ஆடு மேய்ப்பவரே கூட்டிப்போய்விடுவார். சில இடங்களில் அதைச் சாமியாகவும் கும்பிடுகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள்.

எழும்பூரைத் தாண்டிப் போவது

தென்கோடியில் இருக்கும் ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் தோண்டி எடுத்த பொருட்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போனால் தரையில் கிடப்பது என்னவென்று புரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை.