பின்விளைவா, பக்கவிளைவா, எதிர்விளைவா?

சளி மாத்திரை போட்டதும் தூக்கம் சொக்குகிறது: பக்கவிளைவு. அந்தச் சொக்கலோடு வண்டி ஓட்டி விழுந்தால், அது பின்விளைவு. தலைவலி மாத்திரையை மாதக்கணக்கில் அடிக்கடி விழுங்கி, அதனாலேயே தலைவலி ஓயாமல் வந்தால் எதிர்விளைவு. நினைத்த பலனோடு கூடவே வருவது, பிறகு வருவது, நினைத்ததற்கு நேர்மாறாக வருவது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘விளைவு’க்கு நல்லது கெட்டது கிடையாது. பக்கவிளைவும் எப்போதும் கெட்டதல்ல. ரத்த அழுத்தத்துக்கு வந்த மினாக்ஸிடில் என்ற மருந்து முடியை வளர்த்தது. பிறகு அதையே வழுக்கைக்கு விற்றார்கள். பின்விளைவு அப்படியில்லை. ‘நல்ல பின்விளைவு’ என்று எழுதினால் காதில் உறுத்தும். அந்த இடத்துக்குப் ‘பலன்’ போதும்.

அதிகம் தவறுவது ‘எதிர்பாராத’ என்ற அடைமொழியில்தான். வேண்டி வராதது எல்லாம் எதிர்பாராதது ஆகிவிடாது. தூக்கம் வரும் என்று மாத்திரை அட்டையிலேயே போட்டிருந்தால், ‘எதிர்பாராத பக்கவிளைவு’ என்பது பிழை. யாருக்கும் முன்கூட்டித் தெரியாதபோது மட்டும் சேருங்கள்.

ஒரு சோதனை. கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தேரைகளை இறக்கினார்கள். வண்டு ஒழியவில்லை. தேரைதான் பெருகியது, அதைத் தின்ற உள்நாட்டு விலங்குகள் நஞ்சேறிச் செத்தன. இதை எதிர்விளைவு என்று எழுதத்தான் கை போகும். ஆனால் தேரையால் வண்டு கூடியிருந்தால்தான் அது எதிர்விளைவு. இங்கே பின்விளைவே சரி. பேச்சில் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், ‘பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

எதிர்வினை வேறு சொல். நியூட்டனின் மூன்றாம் விதியில் வருவதும், ஒரு பேச்சுக்கு மக்கள் காட்டுவதும் எதிர்வினை; அதில் எதிர்ப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

வினைச்சொல்லையும் பார்த்துப் போடுங்கள். பின்விளைவு ‘ஏற்படும்’, பின்விளைவுகளை ‘யோசிக்காமல்’ இறங்குவோம். ‘பின்விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்று கடிதத்தில் எழுதினால் தகவல் மிரட்டலாகிவிடும். வெறுமனே தெரிவிப்பதுதான் நோக்கம் என்றால், ‘இதனால் இன்ன பாதிப்பு வரலாம்’ என்று பாதிப்பைப் பெயர் சொல்லியே எழுதிவிடுங்கள்.