உங்களை நீங்களே வேவு பார்ப்பது எப்படி?

பேஸ்புக்கை விட்டுவிட்டேன் என்று பேஸ்புக்கிலேயே அறிவித்துவிட்டு நான்காம் நாள் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். அதுவும் இரண்டு தடவை. மூன்றாம் தடவை விரதம் எதுவும் எடுக்காமல், இங்கே நான் என்னதான் செய்துகொண்டிருக்கிறேன் என்று முதலில் கணக்குப் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம், ஒரு கொப்பியும் ஒரு வாரமும் போதும்.

1. எத்தனை தடவை?
அன்ரொயிட் போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்க்ரீன் டைம். மணித்தியாலக் கணக்கு யாருக்கும் திடுக்கிடும்படிதான் இருக்கும், அதை விடுங்கள். ஒரு நாளில் போனை எத்தனை தடவை எடுத்தீர்கள் என்ற எண்ணைப் பாருங்கள். எனக்கு 94.

2. ஏன் எடுத்தேன்?
இதுதான் கஷ்டமான வேலை. ஒவ்வொரு தடவையும் எங்கே, எத்தனை மணிக்கு, எதற்காக என்று கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதச் சோம்பலாக இருக்கிறதே என்று போனை எடுக்காமல் விட்டால் அதுவும் லாபம்தான். கொழும்பில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் ஏறி பம்பலப்பிட்டி வருவதற்குள் நான்கு தடவை எடுத்திருக்கிறேன், யாரும் மெசேஜ் போடவில்லை, யாரும் கோல் எடுக்கவில்லை, காரணம் என்ற இடத்தில் நான்கு வரியிலும் "பஸ் நின்றது" என்றே இருக்கிறது. இரவு 11 மணிக்கு எழுதிய வரி வேறு மாதிரி: "லண்டனில் சித்தி வேலை முடிந்து வருகிற நேரம்." இந்த இரண்டு வரிகளையும் போன் ஒரே கணக்கில்தான் போடுகிறது. சித்தியோடு கதைக்கிற அரை மணித்தியாலத்தைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

3. உங்கள் பெயரைத் தேடுங்கள்
பிரவுசரில் இன்கொக்னிட்டோ ஜன்னலைத் திறந்து தேடுங்கள், இல்லாவிட்டால் கூகுள் உங்களை அடையாளம் கண்டு அதற்கேற்ப முடிவுகளைக் காட்டக்கூடும். தமிழில் ஒரு தடவை, அப்புறம் ஆங்கிலத்தில். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், இனிஷியல் வேறு முன்னுக்கும் பின்னுக்கும் மாறும், அத்தனையையும் போட்டுப் பாருங்கள். எப்போதோ ஒரு பழைய மேசை மின்விசிறியை விற்க நான் போட்ட விளம்பரம் இன்னும் தொலைபேசி இலக்கத்தோடு கிடந்தது. விசிறி போய்ப் பல வருடங்கள். அப்படி ஏதாவது அகப்பட்டால் நீங்களே நீக்குங்கள், முடியாவிட்டால் அந்தத் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

4. முழுக் கோப்பையும் இறக்குங்கள்
பேஸ்புக்கின் அக்கவுண்ட்ஸ் சென்டரில் உங்கள் தகவல்களை டவுன்லோட் செய்யும் வசதி இருக்கிறது. எச்டிஎம்எல் வடிவத்தைத் தெரிவு செய்யுங்கள், சாதாரணமாகத் திறந்து வாசிக்கலாம். கேட்டவுடன் வராது, தயாரானதும் அறிவிப்பார்கள். அலுவலகக் கணினியில் மட்டும் இறக்காதீர்கள், உங்கள் பழைய மெசஞ்சர் உரையாடல்களும் தேடிய பெயர்களும் அதற்குள் இருக்கும்.

நான் வேடிக்கையாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். 2019 ஏப்ரலுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கை அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் நான் பேசாமல் இருந்தேன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இல்லை, தடையைத் தாண்ட உதவும் வீபிஎன் போட்டுக்கொண்டு உள்ளே வந்து பதினொரு பதிவுகள் பகிர்ந்திருக்கிறேன். அதில் ஒன்று, குழாய்த் தண்ணீரில் நஞ்சு கலந்திருக்கிறதாம் என்ற வதந்தி. திகதியை வைத்து அந்தப் பதிவைத் தேடிப் போனால், கீழே கொட்டாஞ்சேனை மாமி கேட்டிருக்கிறா: "தம்பி, இது உண்மையா? நாங்கள் காலையிலிருந்து பைப் தண்ணி குடிக்கேல்ல." நான் பதில் எழுதியிருக்கவில்லை.

5. இனித் திருத்தலாம்
இது சின்ன வேலை. லைக்குக்கும் பிறந்தநாளுக்கும் அடிக்கிற நோட்டிபிகேஷனை நிறுத்துங்கள், கோலும் மெசேஜும் இருக்கட்டும். பேஸ்புக்கின் பிரைவசி செட்டிங்ஸில், எல்லோருக்கும் தெரிகிற பழைய பதிவுகளை ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்றில்லை, என் பழைய கவிதைகள் அப்படியே இருக்கின்றன, படுமோசம்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.

அந்த ஒரு பதிவை மட்டும் அழித்தேன். அதற்கு முன் மாமிக்கு ஒரு கோல் எடுத்து, அது பொய்யாம் மாமி என்றேன். சிரித்தா. அன்றைக்கு வாங்கிய தண்ணீர்ப் போத்தல்களில்தான் இன்னும் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாவாம்.