செலஸ்ட் கிளாசிக்: பாய்வதற்கு முன் பாருங்கள்

ஆரையம்பதியில் என்னிடம் கணினி படிக்க வரும் பிள்ளைகள் பாடம் முடிந்ததும் ‘செலஸ்ட் கிளாசிக்’கைத்தான் கேட்பார்கள். மெடி தோர்சனும் நோயல் பெரியும் 2015இல் நான்கே நாட்களில் செய்த விளையாட்டு இது. சிவப்பு முடிச் சிறுமி ஒருத்தி மலையேறுகிறாள். மொத்தம் 30 அறைகள், ஒவ்வொன்றும் ஒரே திரை. இலவசம். உலாவியிலேயே ஓடும், பழைய கணினிக்கும் பாரமில்லை. 2018இல் ‘செலஸ்ட்’ என்று வந்த பெரிய விளையாட்டு விலைக்கு விற்பது. தேடும்போது ‘கிளாசிக்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

முதலில் விசைப்பலகையைச் சோதியுங்கள். அம்புக்குறிகளால் நகர்வது, ‘சி’யால் குதிப்பது, ‘எக்ஸ்’ஸால் பாய்வது, அதாவது அழுத்திய திசையில் சட்டென்று விரைவது. மலிவான விசைப்பலகைகள் பலவற்றில் மேல் அம்பு, வலது அம்பு, ‘எக்ஸ்’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதியாது. பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துச் சோர்ந்துவிடும். அப்படியானால் ‘என்’னால் குதித்து ‘எம்’மால் பாயலாம், அவையும் அதே வேலையைச் செய்யும்.

இனி பாய்ச்சல். இந்த விளையாட்டின் உயிரே அதுதான். எட்டுத் திசைகளில் எதிலும் பாயலாம், ஆனால் காலில் தரை படும்வரை ஒரே ஒரு தடவைதான். முடி நீலமாக மாறினால் பாய்ச்சல் தீர்ந்துவிட்டது, சிவப்பானால் கையில் இருக்கிறது. திரையின் வேறெந்த மூலையையும் பார்க்கத் தேவையில்லை, முடியைப் பாருங்கள். பலூனைத் தொட்டாலும் சுருள்வில்லில் மிதித்தாலும் பாய்ச்சல் திரும்பக் கிடைக்கும். ஆகவே அறைக்குள் வந்ததும் ஓடாதீர்கள். என்னிடம் வரும் ஒரு சிறுமி எந்த விசையையும் தொடாமல், பலூன் எங்கே, அங்கிருந்து அடுத்த படி எங்கே என்று விரலால் திரையில் கோடிழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவாள். வேகமான கைக்காரர்களைவிட அவள்தான் முன்னே போகிறாள்.

உயரம் வேண்டுமென்றால் குதித்தவுடன் பாயாதீர்கள். பாய்ச்சல் குதியின் வேகத்தை அழித்துவிட்டுத் தன் வேகத்தை வைக்கும். சீக்கிரம் பாய்ந்தால் குதி வீணாகிறது. குதியின் உச்சியில் ஈர்ப்பு ஒரு கணம் பாதியாகக் குறைந்து அவள் மிதப்பதுபோல் நிற்பாள். மேல் அம்பையும் பாய்ச்சலையும் அங்கே சேர்த்து அழுத்துங்கள். குதி விசையை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதால் உயரம் கூடாது.

சுவர்ப் பக்கமாக அம்பை அழுத்தி வைத்தால் மெதுவாகச் சறுக்குவாள். பனிக்கட்டிச் சுவரில் இது நடக்காது. சுவரிலிருந்து உதைத்துக் குதிக்கச் சுவரை ஒட்டியே நிற்க வேண்டுமென்பதில்லை, மூன்று திரைப்புள்ளி (பிக்சல்) இடைவெளி இருந்தாலும் போதும். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஐந்தில் ஒரு விநாடி வரை குதி ஏற்கப்படும். விளையாடுபவர்மேல் இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட விளையாட்டுகள் குறைவு. உடையும் தரை மிதித்து அரை விநாடியில் போய்விடும், இரண்டு விநாடியில் திரும்ப வரும், அவசரப்படாமல் காத்திருக்கலாம்.

வழியில் சேர்க்கும் பழங்களில் எனக்கு மிகவும் பிடித்தது சிறகு முளைத்த ஸ்ட்ரோபெரி. அந்த அறையில் ஒரு தடவை பாய்ந்தாலே அது பறந்து போய்விடும். அதுவரை பாய்ச்சலையே நம்பி வந்தவர்கள் வெறும் குதியையும் சுவரையும் கொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் பழமானாலும் தொட்டாலே கணக்கில் சேர்ந்துவிடும், அதன்பிறகு இறந்தாலும் போகாது. ஆகவே திரும்பிவரும் வழியை யோசிக்காமல் துணிந்து போய் எடுக்கலாம். இறந்தால் அதே அறை உடனே மறுபடி தொடங்கும், இழப்பு எதுவுமில்லை.

ஒன்றில் மட்டும் கவனம்: விளையாட்டு இடையில் சேமிக்கப்படாது. மாரி காலத்தில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகையால் பற்றரி உள்ள மடிக்கணினியில் விளையாடுவது நல்லது. உலாவியின் பக்கத்தையும் தவறி மூடிவிடாதீர்கள்.

மேல் அறைகளில் ஒரு பெரிய பெட்டி திறந்து இரண்டாவது பாய்ச்சல் கிடைக்கும். அதன்பின் அறைகளை வேறு கணக்கில் பார்க்க வேண்டும்: முதல் பாய்ச்சலை வழிக்கும் இரண்டாவதை ஆபத்துக்கும் வையுங்கள். உச்சியை அடைந்தவர்கள் 2021இல் வந்த ‘செலஸ்ட் கிளாசிக் 2’ஐத் தேடலாம். அதுவும் இலவசம், அதில் பாய்ச்சலுக்குப் பதிலாகக் கொக்கி எறிந்து தாவ வேண்டும்.