மாடிப்படி லைட்டை அணைத்தும் கரண்ட் பில் ஏன் குறையவில்லை?

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். பில் வந்த அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும். சித்தப்பா கையில் பில்லோடு ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்ப்பார். சார்ஜரை ப்ளக்கிலேயே விட்டுவிட்டதற்குத் தம்பி மாட்டிக்கொள்வான். ராத்திரி எழுந்து வரும்போது பாட்டி தடுக்கி விழாமல் இருக்க மாடிப்படியில் எரியும் குட்டி பல்புக்குக்கூட ஒரு முறை தடை விழுந்தது. அடுத்த பில் வந்தது. ஏறக்குறைய அதே யூனிட்.

தேடிய இடம்தான் தப்பு. ஆள் அதிகமுள்ள வீட்டில் பில் ஏறும்போது வழக்கமாக நடக்கிற தவறுகள் எல்லாவற்றையும் நாங்களும் ஒரு சுற்று செய்து முடித்திருந்தோம்.

தொகையைப் பார்த்துப் பதறுவது

பில்லில் பெரிய எழுத்தில் இருப்பது தொகை. அதில் நாம் எரித்த கரண்டுக்கான காசு மட்டும் இல்லை. நிலைக் கட்டணம், வரி, போன முறை விட்டுப்போன பாக்கி, இடையில் ஏறிய கட்டண விகிதம் என்று பலதும் சேர்ந்திருக்கும். ஆகவே பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் வைத்தால் முதலில் பார்க்க வேண்டியது யூனிட். அதற்கு அடுத்தது, அது எத்தனை நாள் கணக்கு என்பது.

நாள் கணக்கை யாரும் பார்ப்பதே இல்லை. ஒரு பில் 54 நாளுக்கு 540 யூனிட், அடுத்தது 66 நாளுக்கு 640 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு யூனிட் கூடிவிட்டது என்று வீடு அல்லோலகல்லோலப்படும். வகுத்துப் பார்த்தால் முதல் பில்லில் நாளுக்கு 10 யூனிட், இரண்டாவதில் 9.7. உண்மையில் குறைத்துத்தான் செலவு செய்திருக்கிறோம்.

அப்புறம், பில்லில் உள்ள ரீடிங் நிஜமாகவே மீட்டரைப் பார்த்து எடுத்ததா என்பதும் முக்கியம். வீடு பூட்டியிருந்தால் பல இடங்களில் பழைய கணக்கை வைத்துச் சராசரி போட்டுவிடுவார்கள். சராசரி குறைவாக இருந்திருந்தால், அடுத்த முறை உண்மையான ரீடிங் எடுக்கும்போது விட்டுப்போனதெல்லாம் மொத்தமாக வந்து விழும். பில்லை எடுத்துக்கொண்டு மீட்டர் முன்னால் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பில்லில் உள்ள எண்ணைவிட மீட்டரில் இன்று உள்ள எண் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தப்பு பில்லில்தான்.

பெரிய குடும்பத்தைத் தனியாகக் கடிக்கிற ஒரு விஷயமும் உண்டு. பல ஊர்களில் கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் சில யூனிட்டுகள் மலிவு, மேலே போகப் போக விலை கூடும். சில இடங்களில் ஒரு எல்லையைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை மாறிவிடும். நான்கு பேர் கொண்ட இரண்டு வீடுகள் இரண்டு மீட்டரில் கீழ்ப்படியிலேயே நின்றுகொள்ள, அதே எட்டுப் பேர் ஒரே மீட்டரில் இருந்தால் மேல்படிக்கு ஏறிவிடுவார்கள். இது வீணடிப்பு இல்லை, கணக்கு போடும் முறை. ஆனால் இதில் ஒரு வசதியும் இருக்கிறது: குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் விலை கூடிய மேல்படியிலிருந்துதான் கழியும்.

பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவது

“அவங்க வீட்ல பாதிதான் வருது” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த வீட்டில் மூன்று பேர். ஃப்ரிட்ஜ், ரூட்டர், வாசல் விளக்கு எல்லாம் மூன்று பேர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் ஒன்றுதான். வெந்நீர், துணி துவைப்பது, ஃபேன் ஆகியவை ஆளுக்கும் அறைக்கும் ஏற்ப ஏறும். நாளுக்கு 18 யூனிட் செலவாகும் ஒன்பது பேர் வீட்டில் தலைக்கு 2 யூனிட். நாளுக்கு 9 யூனிட் செலவாகும் மூன்று பேர் வீட்டில் தலைக்கு 3. கவலைப்பட வேண்டியது எந்த வீடு?

ஆனால் தலைக்கணக்கும் முழு உண்மையைச் சொல்லாது. என்னைக் கேட்டால் எண்ண வேண்டியது அறைகளை. ஒன்பது பேர் மூன்று அறையில் இருப்பதும் ஆறு அறையில் பிரிந்து இருப்பதும் ஒன்றல்ல. ஃபேனும் ஏசியும் ஆளை எண்ணி ஓடுவதில்லை. எங்கள் வீட்டில் பில் ஏறியது புதிதாக யாரும் வந்து சேர்ந்ததால் அல்ல. பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கோர் அறைக்குப் போனதால்தான்.

கண்ணுக்குத் தெரிவதைத் துரத்துவது

லைட் எரிவது பளிச்சென்று தெரியும். அதனால்தான் எல்லாத் திட்டும் அதன்மேல் விழுகிறது. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்ப் ஒரு யூனிட் எடுக்க 111 மணி நேரம் எரிய வேண்டும். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடுவது, அவ்வளவுதான். செல்போனும் அப்படித்தான். தினமும் ஒரு முறை முழுசாக சார்ஜ் செய்தாலும் ஒரு போன் வருஷத்துக்கு ஏழு யூனிட் வாக்கில்தான் எடுக்கும். தம்பியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. இன்னும் கேட்கவில்லை.

கரண்டைக் குடிப்பது சூடு. அது கண்ணில் படாது. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.35 யூனிட் ஆகும். கம்பியைச் சூடாக்கி வேலை செய்கிற எந்த பிராண்டு ஹீட்டராலும் இதில் மிச்சம் பிடிக்க முடியாது, தண்ணீரின் குணம் அது. ஒன்பது பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் 3 யூனிட்டுக்கு மேல். அதாவது பாட்டியின் பல்பு இரண்டு வாரம் இரவு பகலாக எரிந்தால் ஆகும் செலவு ஒரே காலையில் குளியலறையில் போய்விடுகிறது. ஷவரில் நின்று ஆளுக்கு இரண்டு வாளி அளவு செலவழித்தால் அது இரட்டிப்பு.

“எல்லோரும் வரிசையாகக் குளித்தால் மிச்சம்” என்று ஒரு யோசனை எப்போதும் வரும். பாதிதான் சரி. தண்ணீரைச் சுட வைக்கிற செலவு வரிசையில் குளித்தாலும் குறையாது. இடையில் தொட்டியில் இருக்கும் வெந்நீர் ஆறுவதும், சூட்டைப் பார்த்துத் தானாக ஆன் ஆகும் தெர்மோஸ்டாட் அதை மறுபடி சுட வைப்பதும்தான் மிச்சமாகும். எங்கள் கீசர் காலை ஐந்து மணிக்கு ஆன் ஆகும், ராத்திரி படுக்கும்போது யாராவது பார்த்தால்தான் ஆஃப். உண்மையான கசிவு அங்கேதான் இருந்தது. வெந்நீரின் அளவைக் குறைப்பது ஒன்று, குளித்ததும் ஸ்விட்சை அணைப்பது இன்னொன்று. முதலாவதில்தான் லாபம் அதிகம், வீட்டில் சண்டையும் அதிகம்.

வாட் எண்ணைக் கண்டு பயப்படுவது

அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட் என்றதும் அதைத் தொடவே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இருபது நிமிடம் தேய்த்தால் வாரத்துக்கு அதிகபட்சம் ஒரு யூனிட். 1,500 வாட் கெட்டில் நான்கு நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். எண் பெரிது, நேரம் குறைவு.

ஃபேன் இதற்கு நேர் எதிர். 75 வாட்தானே என்று அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐந்து ஃபேன்கள் நாளுக்கு 18 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 6.75 யூனிட். மாதம் 200 யூனிட்டைத் தாண்டும். அதே ஐந்தும் 30 வாட் வாக்கில் எடுக்கும் பி.எல்.டி.சி. (கரண்டைக் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார்) ஃபேன்களாக இருந்தால் மாதம் 81. பெரிய குடும்பத்தில் எப்போதும் யாராவது வீட்டில் இருப்பார்கள், ஃபேனும் ஓடிக்கொண்டே இருக்கும். புது ஃபேன் வாங்குவதானால் அதிக நேரம் ஓடுகிற அறைக்கு முதலில் வாங்குங்கள். விருந்தினர் அறையில் மாட்டினால் போட்ட காசு திரும்பி வராது. சுவரில் பெட்டி மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது வேகத்தைக் குறைக்கும்போது கரண்டில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. தொட்டுப் பார்த்தாலே வெதுவெதுப்பு தெரியும்.

ஏசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் குளிரட்டும் என்று 18-இல் வைப்பது பழைய பழக்கம். இன்வெர்ட்டர் வகை அல்லாத, அதாவது கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரியாத ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர வைக்கும். எண்ணைக் குறைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஃபில்டரைக் கழுவுங்கள். முடிந்த இரவுகளில் இரண்டு அறைக்காரர்கள் ஓர் அறையில் படுங்கள்.

அளக்காமலே தீர்ப்பு சொல்வது

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான். நானும் இதை வெகு நாள் செய்தேன்.

எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு குட்டி சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் 3,600 வினாடி, ஒரு கிலோவாட்டில் ஆயிரம் வாட். இரண்டையும் பெருக்கினால் வரும் 36 லட்சத்தை 3200-ஆல் வகுத்தால் 1125. இதை இரண்டு மினுக்கலுக்கு இடையே ஆகும் வினாடியால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். 15 வினாடிக்கு ஒரு மினுக்கல் என்றால் 75 வாட், ஒரு பழைய ஃபேன்.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, எல்லோரையும் பத்து நிமிடம் ஃபேனை அணைத்துவிட்டுப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டார்ச்சோடு மீட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அணைக்கக்கூடியதை எல்லாம் அணைத்தாயிற்று. மினுக்கல் ஐந்து வினாடிக்கு ஒன்று. 225 வாட்! கீழே ஒரு ஃப்ரிட்ஜ், அப்புறம் ரூட்டரும் செட்டாப் பாக்ஸும், அவ்வளவுதானே? வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் கரண்டைத் தனித்தனியாக நிறுத்தும் எம்.சி.பி. ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன். மாடி ஸ்விட்சை இறக்கியதும் இடைவெளி பத்து வினாடி ஆனது. பாதி கரண்ட் மாடியில் போயிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கீழே ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் தானாக நின்றது. மினுக்கல் முக்கால் நிமிடத்துக்கு ஒன்றானது. 25 வாட். ரூட்டரும் செட்டாப் பாக்ஸும் மட்டும்தான் மிச்சம்.

மாடியில் இருந்தது பழைய ஃப்ரிட்ஜ். “யாராவது வந்தால் உதவும்” என்று வைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு தண்ணீர் பாட்டில். கதவு ஓரத்து ரப்பர் விட்டுப்போய், குளிர் வெளியே கசிந்து, கம்ப்ரசர் நிற்காமலே ஓடிக்கொண்டிருந்தது. நல்ல ஃப்ரிட்ஜ் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இது நிற்கவே இல்லை. 112 வாட், 24 மணி நேரம். நாளுக்கு 2.7 யூனிட், மாதம் 80. ரப்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு.

மீட்டரைத் திட்டுவது

மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகம் கடைசியில் வர வேண்டியது, எப்போதும் முதலில் வந்துவிடுகிறது. மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுப் பாருங்கள். மினுக்கல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ, எதுவோ கரண்ட் இழுக்கிறது, அல்லது மீட்டரிலேயே கோளாறு. இரண்டையும் நீங்கள் கை வைத்துப் பார்க்கக் கூடாது. இணைப்பு கொடுத்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க வேண்டுமானால் 1,000 வாட் ஹீட்டர் ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு யூனிட்டை ஒட்டி வர வேண்டும். வோல்டேஜ் குறைவாக இருந்தால் கொஞ்சம் குறைந்தே வரும்.

குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது, கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது என்றால் அது பில் பிரச்சினைக்கு முன்னால் உயிர்ப் பிரச்சினை. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ப்ளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிற பெட்டிகளை வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஓர் எல்.இ.டி.யும்தான் இருக்கும். வீட்டு பில் போடுவது உண்மையில் செலவான யூனிட்டுக்கு. அதை அந்தப் பெட்டி குறைக்காது.

தண்ணீரை மறப்பது

ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகினால் மேல்தொட்டி காலியாகும், மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் இழுக்கும். தினமும் அரை மணி கூடுதலாக ஓடினால் மாதம் 15 யூனிட். ஃப்ரிட்ஜ் அளவுக்கு இல்லை, ஆனால் தண்ணீரும் சேர்ந்து போகிறது. ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கலர் கலந்துவிட்டு, இழுக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கலர் இறங்கியிருந்தால் ஒழுகுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது

ஆர்வத்தில் ஒரே வாரத்தில் ஃபேனை மாற்றி, கீசரைக் குறைத்து, ஏசி எண்ணை ஏற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது. அடுத்த மாதமே எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாங்கள் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரீடிங் எழுதுவது சின்னவள் வேலை. முதல் வாரம் எதையும் மாற்றவில்லை, சும்மா எழுதினோம். இரண்டாவது வாரம் மாடி ஃப்ரிட்ஜை அணைத்தோம். மூன்றாவது வாரம் கீசர். நோட்டில் எண் இறங்குவதைப் பார்த்த பிறகு சித்தப்பா அறை அறையாக எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மாடிப்படி பல்பு இப்போது விடிய விடிய எரிகிறது. மாதம் மூன்று யூனிட்கூட ஆவதில்லை. பாட்டிதான் இன்னும் நம்பாமல், நடு ராத்திரி எழுந்து இறங்கி வந்து அதை அணைத்துவிட்டுப் போகிறார்.